யார் கை தூக்கினாலும் நிறுத்து

அன்புள்ள மகன் டெனிசுக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் நீ போனில் முக்கால் மணி நேரம் பேசினாய். அதில் என் பங்கு "ம்", "சரி", "பெறவு" என்ற மூன்று சொற்கள்தான். பதில் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் உன்னிடம் வாயால் சொன்னால் பாதியில், "சரிப்பா, இங்கன டவர் இல்ல, வைக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பும் வேலை உன் அம்மாவுடையது. வரிசை குழம்பாமல் இருக்க மேலே எண் போட்டிருக்கிறேன். போன மாதம் அவள் அனுப்பிய ஆதார் அட்டை மாதிரி தலைகீழாக வந்தால் போனைத் திருப்பிப் பிடித்துப் படித்துக்கொள். பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் எழுதுவது, அங்கங்கே கோணல் இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிப் பார்க்கிறேன். நீ அந்தத் துறைமுகத்தில் ஷிப்டு பொறுப்பாளர். போன வாரம் ஒரு லாரியில் இருந்து கண்டெய்னர் பெட்டியைக் கிரேன் தூக்க வேண்டியிருந்தது. நீ "தூக்கு" என்று சொல்லிவிட்டாய். பயிற்சிக்கு வந்து மூன்று மாதம் ஆன ஒரு பெண், லாரிக்குப் பக்கத்தில் நின்றவள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். கிரேன் ஓட்டுகிறவர் நிறுத்திவிட்டார். பெட்டியை லாரியோடு பிடித்திருக்கும் பூட்டு ஒரு மூலையில் விடுபடவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி விடுபடாமல் தூக்கினால் பெட்டியோடு லாரியும், லாரிக்குள் இருக்கிற டிரைவரும் சேர்ந்து அந்தரத்துக்குப் போவார்கள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறங்கிப் பார்த்தால் நாலு பூட்டும் ஒழுங்காகத்தான் திறந்திருந்தன. வேலை இருபது நிமிடம் நின்றது. கப்பல் கேப்டன் மேலே இருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம்ம ஊர்ப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர், "சார், இனிமே மேடத்துக்கிட்டயே கேட்டுக்கிடுதோம், ஒமக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீ அவளைப் பற்றி ஒரு அறிக்கை எழுதியிருக்கிறாய். அவள் வேண்டுமென்றே வேலையைத் தடுத்தாள், பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று. திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டு மேலே கொடுக்கப் போகிறாய். அதைக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும்.

அறிக்கையை நீ வாசித்துக் காட்டியபோது "வேண்டுமென்றே" என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நடந்தது. அந்த ஒரு சொல் மட்டும் நடக்காதது. உனக்கும் அது தெரியும். அந்த இடம் வந்தபோது உன் குரல் கொஞ்சம் வேகமாக ஓடியது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒரு சொல்லைச் சொன்னேன். அந்த இடத்தில் என் குரலும் அப்படித்தான் ஓடியது.

திரேஸ்புரம் சவரிமுத்து மாமாவை நீ எப்படிக் கூப்பிடுவாய்? "பராக்கு மாமா" என்றுதானே. நீ மட்டுமா, ஹார்பரே அப்படித்தான் கூப்பிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்று காலை நசுக்கிக்கொண்டவர் என்று ஊருக்கெல்லாம் தெரியும். நம் ஊரில் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் ஞானஸ்நானப் பெயரே மறந்துபோகும். கல்யாணப் பத்திரிகையில் கூட அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். அந்தப் பட்டப்பெயரை அவனுக்கு வைத்தவன் நான். அது பொய் என்று தெரிந்தே வைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. பர்மாவில் இருந்து தேக்கு மரத்தடி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்திருந்தது. நானும் சவரியும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாகவே கப்பல் வயிற்றுக்குள் இறங்கித் தடிக்குக் கம்பிவடம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்த மாதம்தான் என்னை மேலே ஏற்றி சிக்னல்மேன் ஆக்கியிருந்தார்கள். ஒரு விசில், ஒரு ஆரஞ்சு சட்டை. மேல்தளத்தின் விளிம்பில் நின்று, கீழே இருப்பவர்களைப் பார்த்து, கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். அவர் என் கையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். பெரிய பதவி ஒன்றும் இல்லை, ஆனால் நான் முதல் நாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மில்லர்புரம் முழுவதும் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். விபத்து நடந்த அன்று காலையில் கேண்டீனில் சவரி எல்லார் முன்னாலும், "ஏலே, தள்ளி உக்காருங்கல. விசில் வந்ததுல இருந்து மச்சான் ஒரு சாண் வளந்துட்டான், தலை முகட்டுல இடிக்கும்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ ஊற்றுகிறவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவன் கீழே மூன்று தடிக்கு வடம் மாட்டிவிட்டு ஒதுங்கினான். நான் "தூக்கு" என்று விரலைச் சுழற்றினேன். வடம் இறுகும்போது அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். எங்கள் வேலையில் மற்ற எல்லாச் சைகையும் சிக்னல்மேன் ஒருத்தன்தான் காட்டலாம். "நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். கூட்டுகிறவர் காட்டினாலும், தண்ணீர் கொண்டுவந்தவர் காட்டினாலும் நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். அதுதான் முதல் நாள் சொல்லித்தந்த பாடம். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் கேண்டீன் சிரிப்புதான் கேட்டது. மறுபடியும் என்னைக் கிண்டல் செய்கிறான், இப்போது கப்பல்காரர்கள் முன்னாலும் செய்கிறான் என்று நினைத்தேன். சிக்னல்மேன் நானா அவனா என்று நினைத்தேன். விரலை இன்னும் வேகமாகச் சுழற்றினேன். ஒரு தடியின் நுனி இன்னொன்றின் அடியில் மாட்டியிருந்தது. அதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். தடி நழுவி உருண்டது. அவனுடைய இடது பாதத்தின் மேல் ஏறி நின்றது.

மறுநாள் விசாரணை. "அவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாரா?" என்று கேட்டார்கள். "இல்ல சார், பராக்குப் பாத்துக்கிட்டு நின்னான்" என்றேன். அவ்வளவுதான். பொய் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் இருந்து தீர்மானித்துப் போகவில்லை. வாயைத் திறந்தேன், அது அங்கே தயாராக இருந்தது. கிரேன்காரர் என் கையை மட்டும்தான் பார்த்தார். கீழே இருந்த மற்ற இரண்டு பேரும் தடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த சவரியைப் போய் யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் "சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் கேட் வாசல் வரை வந்துவிட்டது. சவரிக்கு அதன்பிறகு கப்பலில் வேலை இல்லை. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை. அவனுக்கு முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியும் "என்ன பராக்கு அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டே போகும்.

இதை ஒரு ஆள் பார்த்திருந்தார். அந்தக் கப்பலின் சமையல்காரர், பேர் தின். என் வயதுதான் இருக்கும். ரங்கூனில் தமிழர் தெருவில் வளர்ந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். "தண்ணி" என்பதைத் தவிர எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார். அவர் மேல்தளத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். விசாரணை முடிந்து நான் கப்பலுக்குத் திரும்பியபோது, "அவரு ரெண்டு கை மேல போச்சே" என்றார். "நீரு சோத்தைக் கிண்டும், ஒமக்கென்ன தெரியும்" என்றேன். கப்பல் இன்னும் நாலு நாள் கிடந்தது. நாலு நாளும் எனக்கு டீ கொடுத்தார். டம்ளரை அவர் முகத்தைப் பார்க்காமல்தான் திருப்பிக் கொடுத்தேன். கடைசி நாள் நானே கேட்டேன், "ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று. "யாரும் என்னைக் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். கோபமாகச் சொன்னால் சண்டை போட்டிருக்கலாம். பஸ் வரும் என்று நின்றேன், வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். அவர்கள் ஊரில் ஆம்பிளைகள் கொஞ்ச காலம் துறவியாக இருந்துவிட்டு வருவது வழக்கமாம். இவர் ஒரு மழைக்காலம் முழுவதும் மடத்தில் இருந்திருக்கிறார். இவருடைய தம்பி இவருக்கு முன்னாலேயே துறவி ஆனவர். அங்கே வயது கணக்கில்லை. யார் முதலில் காவி உடுத்தினாரோ அவர்தான் மூத்தவர். அதனால் சின்ன வயதில் தன்னிடம் குட்டு வாங்கிய தம்பியை இவர் விழுந்து கும்பிட வேண்டும், பிச்சைப் பாத்திரத்தோடு தெருவில் போகும்போது தம்பிக்குப் பின்னால் நடக்க வேண்டும். "முத வாரம் தலை குனிஞ்சுது, கழுத்து குனியல" என்றார். அந்த வரியை நான் இன்றுவரை மறக்கவில்லை. மழைக்காலம் முடிகிற நாளில் எல்லாத் துறவிகளும் ஒன்றாக உட்காருவார்களாம். அதில் மூத்தவர், தலைமைத் துறவி, முதலில் கைகூப்பி, என்னிடம் ஒரு தப்பை யாராவது பார்த்திருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் கூட தயவுசெய்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று எல்லாரிடமும் கேட்பாராம். நேற்று வந்தவர் வரைக்கும் அந்த எல்லாரில் அடக்கம். சந்தேகப்பட்டிருந்தால் கூட என்பதைக் கவனி. பார்த்தவர் தப்பாகப் பார்த்திருக்கலாம். இருந்தாலும் சொல்லச் சொல்லி மூத்தவர் கேட்கிறார். நம் பாவசங்கீர்த்தனம் மாதிரி மடத்திலும் தப்பு செய்தவர் இன்னொரு துறவியிடம் போய்ச் சொல்வாராம். அவர் கேட்பது ஒரே கேள்வி: தப்பைப் பார்த்தாயா? பார்த்தேன். இனிமேல் கவனமாக இரு. முடிந்தது. தின் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே கப்பலில் இருந்து இறங்கினேன். கப்பல் போய்விட்டது.

இதற்குப் பிறகு உன் அப்பா உடனே திருந்தி, சவரி வீட்டுக்கு ஓடினார் என்று நீ நினைத்தால் உன் அப்பாவை உனக்குத் தெரியாது. நான் முதலில் ஓடியது பாவசங்கீர்த்தனத்துக்கு. பங்குச் சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்து அருள்நிறைந்த மரியே சொல்லுங்க, அப்புறம் அந்த ஆள்கிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்க" என்றார். பத்தில் நான் மோசம் செய்யவில்லை, பதினைந்தாகவே சொன்னேன். இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டேன். அதன்பிறகு பழைய பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதைக் கடையில் புத்தரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். தினமும் காலையில் மாடி அறையில் கண்ணை மூடி உட்காருவேனே, நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஷூ பாலிஷ் கேட்டுக் கதவைத் தட்டுவாயே, அது அப்படி ஆரம்பித்ததுதான். கோவிலுக்கும் போய்க்கொண்டு இதையும் செய்தேன். உன் அம்மா, "கண்ணை மூடினா புத்தரு, தொறந்தா பழைய ஆளு" என்பாள். பணிவில் நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு. என்னைவிடப் பணிவானவன் ஹார்பரில் உண்டா என்று நாலு பேரிடம் கேட்டுப் பார்த்த பணிவு அது.

அதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது. எல்லாம் மாறிப்போகும், இன்பமும் நிற்காது, துன்பமும் நிற்காது, இரண்டையும் ஒரே மாதிரி பார் என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததை நான் எதற்கு உபயோகித்தேன் தெரியுமா? குற்றம் உறுத்தும்போதெல்லாம், இந்த உறுத்தலும் மாறிப்போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாறிப்போகவும் செய்யும், சாப்பாட்டு நேரம் வரும்வரை. ஒரு தடவை மழை நாளில் சவரி பாதத்தைத் தடவிக்கொண்டு, "குளிருக்கு எலும்பு குடையுது மச்சான்" என்றான். "வலிங்கிறதும் நிரந்தரம் இல்ல, மச்சான்" என்று நான் அவனிடம் சொன்னேன். நான், அவனிடம். அவன் பாதத்தில் இருந்து கையை எடுத்துவிட்டு, "காலு ஓம் காலா இருந்தா நல்லாச் சொல்லுவ" என்றான். சமநிலை என்பது நம்முடைய வலியை நிதானமாகப் பார்ப்பதற்கு. நாம் இன்னொருத்தனுக்குக் கொடுத்த வலியை நிதானமாகப் பார்ப்பதற்குப் பேர் வேறு. இது புத்தகத்தில் இருந்ததில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆனாலும் அந்த உட்காருதல் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். உனக்கு உபயோகப்படும் ஒன்றை அது தந்தது. கிரேனில் சுமை ஆட ஆரம்பித்தால் புதிதாக ஓட்டுகிறவன் அதைத் துரத்துவான். இடது பக்கம் போனால் இடது, வலது பக்கம் போனால் வலது. ஆட்டம் கூடத்தான் செய்யும். அனுபவம் உள்ளவன் கையை எடுத்துவிட்டு, சுமை இரண்டு தடவை போய்வருவதைச் சும்மா பார்ப்பான். பயம் இல்லாமல் இல்லை. ஆடுவது சுமை, நாம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். என் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள், என்னைவிடச் சின்னவன் என்னைத் திருத்திவிட்டான், எனக்குப் போட வேண்டிய மாலையை இன்னொருத்தனுக்குப் போட்டார்கள் என்று வருகிறபோதெல்லாம் நான் இப்போது இரண்டு ஆட்டம் வரை பார்க்கிறேன். கேஸ் சிலிண்டர் வரிசையில் பார்த்திருக்கிறேன். உன் அம்மா உறவுக்காரர்கள் முன்னால் என் சமையலைப் பற்றிப் பேசும்போது பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில், இவர் கையில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்று மைக்கில் சொன்னார்களே, அன்றைக்கும் பார்த்தேன். திட்டைத் தாங்குவதைவிட அந்தப் பாராட்டைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். சவரி பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான்.

வியாழக்கிழமை நீ பேசி முடித்ததும் உனக்கு அறிவுரை சொல்லலாம் என்று நோட்டை எடுத்தேன். இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரியையும் எழுதத் தகுதி இல்லாத கை என்று தெரிந்தது. கிழித்துவிட்டு, நேற்று வெள்ளிக்கிழமை பகலில் ஒரு மக்ரூன் பெட்டி வாங்கிக்கொண்டு திரேஸ்புரம் போனேன். சவரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். "என்ன மச்சான், மக்ரூனோட வாரீரு, டெனிசுக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்றான். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு நீ ரெண்டு கையையும் தூக்குன. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் தூக்கச் சொன்னேன். பராக்குப் பாத்தேன்னு சொன்னது பொய்." வரும் வழியில் ஸ்கூட்டரில் நீளமாக ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன், புத்தர் எல்லாம் வருவார் அதில். வந்தது இவ்வளவுதான்.

அவன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். பிறகு, "இதை என்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்லுத? கை தூக்குனவன் நான்லா, எனக்குத் தெரியாதா? உள்ள அவ இருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றான். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் படியிலேயே நின்றேன். அவன்தான் எழுந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனான்.

அவன் வீட்டுக்காரி புஷ்பம் அத்தை பின்கட்டில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, மதினி வரலியா?" என்றது. நான் மறுபடியும் அதே மூன்று வரியைச் சொன்னேன். கையில் இருந்த மீனைக் கீழே வைக்கவில்லை, ஆயவும் இல்லை. "நீங்க பாத்திய?" என்று கேட்டது. "பாத்தேன்" என்றேன். அப்புறம் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்துத் திரும்பியது.

"இருவத்தஞ்சு வருசமா ஒமக்கு இது தெரியுமா?"

"காலு என் காலு. தெரியாம எப்படிளா இருக்கும்."

"பெறவு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேன். ஆஸ்பத்திரியில வச்சே சொன்னேன். நீதான், 'அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, பழியை அடுத்தவன் மேல போடாதிரும்'ன்னுட்ட."

டெனிஸ், நான் அந்தப் பெண்பிள்ளையின் முகத்தை உனக்கு எழுத மாட்டேன். என் பொய் ஹார்பரில் நடந்தது, கேட்டில் நின்றுபோனது என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அது ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வீட்டுக்குள் போய், சோறு போடும்போதும் பிள்ளைகளைக் கண்டிக்கும்போதும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவன் உண்மையைச் சொல்லியும் கட்டினவள் நம்பவில்லை. என்னை நம்பினாள்.

அத்தை கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, "அண்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்றது. காபி கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு நான் போய்க் காபி குடிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை. வாசல்வரை சவரி கூட வந்தான். நான் மக்ரூன் பெட்டியோடு திரும்பிப் போகப் பார்த்தேன். "அதை வச்சிட்டுப் போரும். அது என்ன பாவம் செஞ்சிது" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வந்தது, ஆனால் அதையும் வாங்கிக்கொண்டு போனால் நான் கொடுக்க வந்தவனா வாங்க வந்தவனா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதை அவளே எழுதிக்கொள்ளட்டும். இன்று காலை இட்லிக்குச் சட்னி கிடையாது என்பது மட்டும் தகவல். ஊர் என்ன பேசும் என்று தெரியாது. ஏதாவது பேசும். ஆடட்டும், பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், உன் லாரிக்காரர் உட்பட.

இப்போது உன் விஷயம். அந்தப் பெண் பார்த்தது தப்பு. பூட்டு திறந்துதான் இருந்தது. ஆனால் தூக்கிய கை சரி. கண் தவறலாம், கண் தவறிவிடுமோ என்று கை தயங்கினால்தான் ஆள் சாவான். நீ திங்கட்கிழமை அந்த அறிக்கையைக் கொடுத்தால், அவள் ஒருத்தி வீட்டுக்குப் போவதோடு முடியாது. அந்த ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு பாடம் படித்துக்கொள்வார்கள்: நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கையைத் தூக்கு, சந்தேகம் என்றால் பாக்கெட்டில் வைத்துக்கொள். அதற்குப் பிறகு ஒருநாள் நிஜமாகவே ஒரு மூலை விடுபடாமல் இருக்கும். அன்றைக்கு அதைப் பார்க்கிறவன் உன் முகத்தைப் பார்ப்பான், தன் கையைப் பார்ப்பான், சும்மா இருப்பான். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நீ போனில் ஆறு தடவை சொன்னாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு இருபது நிமிடம். என்னைப் பார்த்துச் சிரித்தது ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. அதற்கு நான் என்ன விலை வைத்தேன் என்று மேலே படித்தாய்.

அதனால் இதைச் செய். அறிக்கையைக் கொடுக்காதே. வேண்டுமென்றே என்பதை எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாமா என்று உனக்கு ஒரு யோசனை வரும், ஏனென்றால் நீ என் மகன். வேண்டாம். ஷிப்டு தொடங்கும்போது எல்லாரும் நிற்கும் இடத்தில், அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் முன்னால், அவள் கையைத் தூக்கியது சரி என்று சொல். நான் கோபப்பட்டது தப்பு என்று சொல். இனிமேல் என் பேச்சுக்கு எதிராகவும் யார் சந்தேகப்பட்டாலும் கையைத் தூக்குங்கள், நான் நிறுத்துவேன் என்று சொல். அந்தத் தலைமைத் துறவி வருடத்துக்கு ஒரு தடவை கேட்பதை நீ தினமும் கேட்க வேண்டியிருக்கும், உன் வேலை அப்படி. லாரிக்காரர் மறுபடியும் ஏதாவது சொல்வார். நல்லதாகவே சொல்வார், நம்ம ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். சிரிப்பு வந்தால் நீயும் சிரி. தலை முதலில் குனியும், கழுத்து மெதுவாக வரும். பழகினால் வந்துவிடும். எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது. நீ என்னைவிடப் படித்தவன், உனக்கு இரண்டு நாள் போதும்.

கடைசியாக ஒன்று. முக்கால் மணி நேரம் அவளைப் பற்றியே பேசினாய். "அந்தப் பொண்ணு", "நேத்து வந்தவ", "மேடம்" என்று என்னென்னவோ சொன்னாய். ஒரு தடவைகூடப் பெயரைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் பேசும்போது பெயர் சொல்லிப் பேசு. பேசி முடித்ததும் எனக்கு அந்தப் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம். நீ செய்துவிட்டாய் என்று நான் புரிந்துகொள்வேன்.

அப்பா